சித்தாளாகவே நின்றுவிடாமல்: டர்பன் பக்கம் பெயிண்டிங் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனைச் சுற்றியுள்ள கட்டடங்களில் பெயிண்டிங் வேலைக்கு வரும் பெண்ணின் கையில் முதலில் கொடுப்பது துடைப்பம், அடுத்தது உப்புத்தாள். தரையில் சிந்திய பெயிண்டைச் சுரண்டு, கண்ணாடியைத் துடை, சுவரைத் தேய்த்துக் கொடு. இதில் கேவலம் ஒன்றுமில்லை. தேய்க்கத் தெரியாதவருக்குப் பூசவும் வராது. சிக்கல் அதற்கப்புறம்தான். இரண்டு வருஷம் கழித்தும் அதே கையில் அதே உப்புத்தாள் இருக்கும். கூடவே சேர்ந்த பையன் ஆறே மாதத்தில் பிரஷ் பிடித்துப் பெயிண்டர் கூலி வாங்கிக்கொண்டிருப்பான்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் பக்கமிருந்து வேலைக்குக் கிளம்பும் பெண்களை மனதில் வைத்து எழுதியது இது. சுவர், வானிலை பற்றிச் சொல்வது நம் கடற்கரை ஊர்களுக்கு. கூலியும் சட்டமும் தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் பொருந்தும்.

எந்த வழியாக உள்ளே போவது

வழி மூன்று. முதலாவது, ஒரு பெயிண்டிங் காண்ட்ராக்டரிடம் ஆளாகச் சேர்வது. தினம் வேலை பார்க்கும் நான்கு பேருடன் நின்றால் கை சீக்கிரம் பழகும். சேரும்போதே ஒரு பேச்சு பேசிக்கொள்ளுங்கள்: "மூணு மாசம் பிரெப் வேலை செய்யறேன், அதுக்கப்புறம் கட்டிங் கத்துக் குடுக்கணும்." பிரெப் என்பது சுவரைத் தேய்த்துத் தயார்செய்வது, கட்டிங் என்பது ஓரக் கோட்டைப் பிரஷால் நேராக இழுப்பது. இந்தப் பேச்சை வாய்வார்த்தையாக விடாமல் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி வையுங்கள்.

இரண்டாவது, அரசு வழி. விரிவுபடுத்தப்பட்ட பொதுப்பணித் திட்டம், இங்கே எல்லோரும் ஈ.பி.டபிள்யூ.பி. என்று சொல்வது, 2004இல் தொடங்கியது. 2019 முதல் 2024 வரையிலான அதன் நான்காம் கட்டத்தில் வேலை பெறுபவர்களில் 60 சதவீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்பது இலக்காக இருந்தது. பள்ளிக்கூடம், கிளினிக் போன்றவற்றைப் புதுப்பிக்கும் வேலைகளில் பெயிண்டிங்கும் வரும். கூலி குறைவு, வேலையும் சில மாதத்தில் முடிந்துவிடும். அனுபவச் சான்று வாங்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், பிழைப்பாக நம்ப வேண்டாம். கட்டுமானத் துறைக்கான பயிற்சி ஆணையமான சீட்டா மூலம் வரும் லேர்னர்ஷிப்கள், அதாவது வேலையோடு சேர்ந்த பயிற்சிகள், இதைவிட மேல். எலக்ட்ரீஷியன், பிளம்பர் போலப் பெயிண்டரும் ஒரு முறையான தொழில்தான். ஏற்கெனவே பல வருஷம் வேலை செய்தவர்கள் கல்லூரிக்குப் போகாமலே, முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் ஆர்ப்பல் வழியில், தொழில் தகுதித் தேர்வான டிரேட் டெஸ்ட்டுக்குப் போகலாம். அதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் போட்டோ, இடம், தேதி, நீங்கள் செய்த பகுதி, மேற்பார்வையாளரின் பெயர் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

மூன்றாவது, தெரிந்தவர் வீடுகளில் சொந்தமாகச் செய்வது. தனியாக இருக்கும் பாட்டிமார்களும் பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் வீட்டுக்குள் வேலை செய்யப் பெண் பெயிண்டர் கிடைத்தால் நிம்மதியாகச் சாவியைக் கொடுப்பார்கள். இது நல்ல சந்தை. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு இது வேண்டாம். பிறர் சம்பளத்தில் கற்றுக்கொள்ளும் காலத்தைச் சொந்தப் பணத்தில் கற்றுக்கொள்வானேன்?

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினரைப் பார்க்க வந்திருப்பவர்களுக்கு ஒன்று: விசிட்டர் விசாவில் வேலை செய்யக் கூடாது. "ரெண்டு நாள்தானே" என்று கூப்பிடுபவர் பிடிபடும்போது பக்கத்தில் நிற்க மாட்டார்.

கூலிக் கணக்கு

2025 மார்ச் 1இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 செண்ட் ஆனது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் இது மாறும், புதிய தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈ.பி.டபிள்யூ.பி. வேலைக்கு அதே ஆண்டில் 15.83 ராண்ட். சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. ஐந்து நாள் வேலையென்றால் ஒரு நாளைக்கு 9 மணி நேரம். 2025 கூலியில் 9 × 28.79 = 259.11 ராண்ட். பெயிண்டர் வேலை தெரிந்தவருக்கு இதற்கு மேல் கிடைக்க வேண்டும், இது தரை மட்டம். டாக்ஸிக் காசு, சாப்பாடு, தூரிகைக்குக் கொடுக்கும் படி எதையும் இந்தக் குறைந்தபட்சக் கூலிக்குள் சேர்த்துக் காட்டக் கூடாது. 45 மணி தாண்டினால் ஒன்றரை மடங்கு.

மழை நாள் கணக்கு நம் ஊருக்கு முக்கியம். காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கி, ஒன்பது மணிக்கு மழை கொட்டி, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றால் இரண்டு மணி நேரக் கூலியோடு அனுப்ப முடியாது. வேலை தொடங்கிய நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும்.

மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு, யு.ஐ.எஃப். என்ற வேலையில்லாக் காப்பீட்டு நிதிக்குப் பிடித்தம் உண்டு: உங்களிடம் 1 சதவீதம், முதலாளியிடம் 1 சதவீதம். பே ஸ்லிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெண்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். சட்டம் தரும் மகப்பேறு விடுப்புக்கு முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த நேரத்தில் வரும் பணம் யு.ஐ.எஃப்.இல் இருந்துதான் வரும். பிடித்தம் இல்லாமல் "கையில் முழுசா தர்றேன்" என்பவர் உங்களுக்குச் சலுகை செய்யவில்லை.

ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கூலி தருவதை வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. 2014 திருத்தத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டது. ஆனால் அங்கே சண்டை "நானும் அதே வேலைதான் செய்கிறேன்" என்று நிரூபிப்பதில்தான் இருக்கிறது. காகிதத்தில் கிளீனர் என்றும் நடப்பில் பெயிண்டர் என்றும் இருந்தால் நோட்டும் போட்டோவும்தான் பேசும். வேலையில் சேரும்போது எழுத்தில் தரும் விவரத்தில் என்ன பதவி போட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

டப்பாவைத் திறப்பதற்கு முன்

பெயிண்ட் உரிகிறது என்றால் பத்தில் எட்டுத் தடவை குற்றம் பெயிண்டில் இருக்காது, அடியில் இருக்கும். இந்தப் பகுதியை மற்ற எல்லாவற்றையும்விட நிதானமாகப் படியுங்கள்.

சுவருக்கு முன்னால் நின்றதும் மூன்று சோதனை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கை வெள்ளையானால் பழைய பூச்சு மாவாகிவிட்டது. அதன் மேல் எதைப் பூசினாலும் அந்த மாவோடு சேர்ந்து வரும். கழுவி, காயவிட்டு, பாண்டிங் லிக்விட் அல்லது பிளாஸ்டர் பிரைமர் கொடுத்து மாவைப் பிடித்துக் கட்ட வேண்டும். அடுத்து, பிளேடால் சின்னதாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். செதில் டேப்போடு வந்தால் அந்த இடம் முழுக்கச் சுரண்டியாக வேண்டும். மூன்றாவது ஈரம். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது, பூசாதீர்கள்.

புதுப் பூசுவேலைக்கு ஒரு கணக்கு உண்டு: பூச்சின் ஒவ்வொரு 5 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஒரு வாரம், அதுவும் காய்ந்த வானிலையில். 15 மில்லிமீட்டர் பூச்சுக்கு மூன்று வாரம். கோடையில், காற்றே ஈரமாக இருக்கும் மாதங்களில், இன்னும் ஒரு வாரம் சேருங்கள். காயாத சிமென்ட்டில் சுண்ணாம்பின் காரம் இருக்கும். அது எண்ணெய் கலந்த பெயிண்டைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும், நீர்ப் பெயிண்டின் நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்கும். காரம் தாங்கும் பிளாஸ்டர் பிரைமரை முதல் கோட்டாகக் கேட்பது இதனால்தான். "காசு மிச்சம், நேரா டாப் கோட்டை தண்ணி விட்டு அடி" என்று சொல்லும் ஃபார்மேன் நிறைய பேர் உண்டு. அவர் ஒரு வருஷம் கழித்து அந்தச் சுவரைப் பார்க்க வர மாட்டார்.

சுவரில் வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுத்து, சில நாள் விட்டுப் பார்த்து, மறுபடி பூக்கிறதா என்று கவனியுங்கள். பூத்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது: வெளியே தோட்ட மண் சுவரில் ஏறியிருக்கும், குழாய் கசியும், அல்லது அடித்தளத்தில் ஈரத்தடுப்பு போயிருக்கும். அதைச் சரிசெய்வது பெயிண்டர் வேலை அல்ல. சரிசெய்யாமல் பூசினால் பழி மட்டும் பெயிண்டருக்கு.

கறுப்பாகப் படர்ந்திருக்கும் பூஞ்சைக்கு ஒரு பங்கு ஜிக் (ப்ளீச்), நான்கு பங்கு தண்ணீர். பிரஷால் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். வேறு எந்தக் கிளீனரையும் ஜிக்கோடு கலக்காதீர்கள். அமோனியாவோ அமிலமோ சேர்ந்தால் நச்சு வாயு வரும். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே பூசினால், குளியலறையில் சில வாரத்திலேயே புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

விரிசலைப் பட்டியால் மேலோட்டமாக மூடுவது இன்னொரு வழக்கமான ஏமாற்று. ஸ்கிரேப்பரின் மூலையால் விரிசலை ஆங்கில வீ எழுத்துபோல் அகலப்படுத்தி, தூசி எடுத்து, ஈரத் துணியால் ஒற்றி, கிராக் ஃபில்லரை உள்ளே அழுத்தித் திணியுங்கள். ஆழம் அதிகமென்றால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள், மேலே காய்ந்து உள்ளே சுருங்கிப் பள்ளம் விழும். இரண்டு தடவையாக நிரப்பி, காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அந்த ஒட்டுகளின் மேல் மட்டும் ஒரு கோட் பிரைமர் தொட்டுவிடுங்கள். தொடாவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் பெயிண்டை அதிகம் குடித்து, மங்கலான திட்டாகக் கடைசிவரை தெரியும். கதவுச் சட்டமும் சுவரும் சேருமிடத்துக்கு ஃபில்லர் வேண்டாம்; அங்கே மரம் அசையும், வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலண்ட் போடுங்கள்.

கட்டிங்: கூலியை உயர்த்தும் வேலை

சீலிங்கும் சுவரும் சேரும் கோட்டை, டேப் ஒட்டாமல், பிரஷால் நேராக இழுப்பதற்குத்தான் கட்டிங் என்று பெயர். ரோலரை ஒரு வாரத்தில் யாரும் உருட்டலாம். கட்டிங் தெரிந்தவரைக் காண்ட்ராக்டர் எளிதில் விட மாட்டார். ஆகவே பிரெப் வேலையில் இருக்கும்போதே சாப்பாட்டு நேரத்தில் பழகுங்கள்: ஒரு பலகையில் பென்சில் கோடு போட்டு, மீந்த பெயிண்டால் இழுத்துப் பாருங்கள்.

50 மில்லிமீட்டர் பிரஷ், முனை சாய்வாக வெட்டியது நல்லது. மயிரின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயிண்டில் முக்குங்கள். வெளியே எடுத்து வாளியின் உட்சுவரில் இரண்டு பக்கமும் தட்டுங்கள். விளிம்பில் வழித்து எடுத்தால் பாதிப் பெயிண்ட் போய்விடும், கோடு நடுவில் வறண்டு உடையும். பிரஷைப் பேனா பிடிப்பதுபோல் உலோகப் பட்டைக்கு மேல் விரல் வைத்துப் பிடியுங்கள். நேராகக் கோட்டுக்குப் போகாதீர்கள். 5 மில்லிமீட்டர் தள்ளி முதல் இழுப்பு. அது பெயிண்டை இறக்கி வைக்கும். இரண்டாவது இழுப்பில் பிரஷை லேசாக அழுத்த, மயிர் விசிறிபோல் விரிந்து, முனையில் ஒரு மெல்லிய பெயிண்ட் மணி உருளும். அந்த மணியைக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே, முழங்கையை அல்ல, உடம்பையே நகர்த்துங்கள். கண் பிரஷ் முனையில் இருக்கக் கூடாது, போகப்போகும் இடத்தில் ஒரு சாண் முன்னால் இருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மீட்டர் இழுத்து நிறுத்துங்கள்.

கட்டிங் பட்டை 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலம் போதும். ஒரு சுவருக்கு மட்டும் கட்டிங் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே ரோலர் போட வேண்டும். அறை முழுக்கக் கட்டிங் முடித்துவிட்டு அப்புறம் ரோலருக்குப் போனால் காய்ந்த பட்டை தனி நிழலாக, போட்டோவுக்குச் சட்டம் போட்டதுபோல் சுற்றிலும் தெரியும். இருவர் சேர்ந்து, ஒருவர் கட்டிங், ஒருவர் ரோலர் என்று செய்வது இதனால்தான். கட்டிங் ஆளாக இருக்கக் கேளுங்கள்.

ரோலருக்கு: வழவழப்பான சுவருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் நீள மயிர், சொரசொரப்பான வெளிச் சுவருக்கு 18 முதல் 20. புது ரோலரை டேப்பால் ஒற்றி உதிர் மயிரை எடுத்துவிடுங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு மேலும் கீழுமாகப் பூசி, கடைசியில் அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். வாளியில் கம்பி வலை வைத்துச் சாய்த்து உருட்டுங்கள், தட்டு வேண்டாம். நீட்டுக்கோல் கட்டாயம் வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் கோல் இருந்தால் சாதாரண அறையின் சீலிங்குக்கு ஏணியே தேவையில்லை, தோள்பட்டையும் தப்பும்.

முதல் கருவிப் பை இவ்வளவு போதும்: 50 மற்றும் 75 மில்லிமீட்டர் பிரஷ், 75 மில்லிமீட்டர் ஸ்கிரேப்பர், 150 மில்லிமீட்டர் பட்டித் தகடு, 225 மில்லிமீட்டர் ரோலர் சட்டமும் இரண்டு உறையும், நீட்டுக்கோல், மூடியுள்ள 5 லிட்டர் வாளி, சீலண்ட் துப்பாக்கி, அளவு நாடா, ஒரு டார்ச். டார்ச் எதற்கென்றால், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தேய்க்காத மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெரியும். வாடிக்கையாளர் மாலை வெயிலில் பார்ப்பதை நீங்கள் காலையிலேயே பார்த்துவிடலாம். கோலைத் தவிர எல்லாமே ஒரு பைக்குள் அடங்கி மினிபஸ் டாக்ஸியில் ஏறும். கோலைக் கழற்றி மாட்டும் வகையாக வாங்குங்கள். ஏணியை முதலில் வாங்காதீர்கள். பிரஷை வேலை முடிந்ததும் தண்ணீரும் சன்லைட் சோப்பும் போட்டு, பட்டைக்குள் இருக்கும் பெயிண்டையும் விரலால் பிதுக்கிக் கழுவி, வந்த அட்டை உறைக்குள்ளேயே வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

எத்தனை லிட்டர்

4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 2.6 மீட்டர். சுற்றளவு 14 மீட்டர். 14 × 2.6 = 36.4 சதுர மீட்டர். ஒரு கதவுக்கு 1.65, ஒரு ஜன்னலுக்கு 1.8 கழித்தால் ஏறக்குறைய 33. இரண்டு கோட்டுக்கு 66. டப்பாவில் லிட்டருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் எப்போதும் கீழ் எண்ணை எடுங்கள்: 66 ÷ 8 = 8.25 லிட்டர். ரோலர், வாளியில் ஒட்டுவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஒன்பது சொச்சம். ஆக இரண்டு 5 லிட்டர். சீலிங் 12 சதுர மீட்டர், இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர். புதுப் பூச்சாக இருந்தால் பிரைமர் ஒரு 5 லிட்டர்.

கலர் கலந்து வாங்கும்போது இரண்டு டப்பாவிலும் உள்ள பேட்ச் எண் ஒன்றா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்வது நல்லது. சுவர் நடுவில் டப்பா மாறி, நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் வந்தால் மறுபடி முழுச் சுவர்.

வெளிச் சுவரும் நம் வானிலையும்

எல்லோரும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அக்டோபர், நவம்பர் நம் பக்கம் மழை தொடங்கும் காலம். வெளிப்பூச்சுக்கு உகந்தது மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்கள். தீபாவளி ஆர்டரை ஜூலையிலேயே பேசி வெளிப்பக்கத்தை அப்போது முடித்து, உள்ளறைகளை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோயில் வேலை பேசும் கமிட்டிக்கும் இதையே சொல்லலாம், கேட்பார்களா என்பது வேறு.

குளிர்காலத்தில் ஒரு பொறி உண்டு. மாலை மூன்று மணிக்கு மேல் வெளிச் சுவரில் கைவைக்காதீர்கள். இரவுப் பனி காயாத பெயிண்டில் இறங்கி, காலையில் சோப்பு வழிந்ததுபோல் கோடுகள் தெரியும். அடர் நிறங்களில் இன்னும் மோசம். வெயில் நேராக அடிக்கும் சுவரிலும் பூசாதீர்கள், விரிவதற்குள் காய்ந்து ரோலர் தடம் நிற்கும். நிழல் போகும் பக்கமாக வீட்டைச் சுற்றி வாருங்கள்.

கடலோர வீட்டில் ஜன்னல் கம்பிகளைப் பூசச் சொன்னால் விலையைத் தனியாகச் சொல்லுங்கள். உப்புக் காற்று கண்ணுக்குத் தெரியாமல் இரும்பில் படிந்திருக்கும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, அன்றைக்கே துருத் தடுப்பு பிரைமர் கொடுத்துவிட வேண்டும். தேய்த்த இரும்பை ஒரு இரவு விட்டால் மறுபடி துரு பூக்கும். அப்புறம் அண்டர்கோட், எனாமல், கோட்டுக்குக் கோட்டு ஒரு இரவு இடைவெளி. சுவரைவிட இது மூன்று மடங்கு நேரம் தின்னும். "கம்பிதானே, சும்மா ஒரு கை அடிச்சு விடும்மா" என்பதற்குத் தலையாட்டிவிட்டு நஷ்டப்படுபவர்கள் நிறைய.

உடம்பு

பழைய வீட்டில் கதவு, ஜன்னல்களில் கனமாக அடுக்கடுக்காக இருக்கும் எனாமலில் ஈயம் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு விதித்த சட்டம் 2009இல்தான் வந்தது. அந்தத் தூசி கருவில் உள்ள குழந்தையையும், உங்கள் உடையில் ஒட்டி வீட்டுக்கு வந்தால் தவழும் குழந்தையையும் பாதிக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், தீ ஊதுகுழலால் சுடாதீர்கள். தண்ணீர் தொட்டு, நீர் தாங்கும் உப்புத்தாளால் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்துப் பையில் கட்டிவிடுங்கள். சாப்பிடுவதற்கு முன் கையும் முகமும் கழுவுங்கள், வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள். வாயில் துணி கட்டுவது பாதுகாப்பு அல்ல, தூசிக்கு எஃப்.எஃப்.பி.2 மாஸ்க், தின்னர், எனாமல் வாடைக்குக் கார்பன் குப்பி உள்ள மாஸ்க்.

பழைய கவுன்சில் வீடுகளின் கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைப் பிரஷர் வாஷ் செய்வது, கம்பி பிரஷ் போடுவது, தேய்ப்பது எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபார்மேன் சொன்னாலும் மறுக்கலாம். 2020 ஆஸ்பெஸ்டாஸ் விதிகள் உங்கள் பக்கம்.

20 லிட்டர் டிரம் 26 முதல் 30 கிலோ இருக்கும். ஆண்களும் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ளும் சாமான் அது. தரையிலேயே மூடியைத் திறந்து 5 லிட்டர் வாளியில் ஊற்றி எடுத்துப் போங்கள், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏணி நான்கு மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் அடி ஒரு மீட்டர் வெளியே இருக்க வேண்டும். சாரத்தில் ஏறுவதற்கு முன் கைப்பிடிக் கம்பியும் முழுப் பலகையும் இருக்கிறதா என்று பாருங்கள். உயர வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டர் மருத்துவத் தகுதிச் சான்று எடுக்க வைக்க வேண்டும். பாதுகாப்புப் பட்டை உங்கள் உடம்புக்கு இறுகப் பொருந்த வேண்டும். ஆண்கள் அளவுப் பட்டை தோளிலிருந்து நழுவினால் விழும்போது தாங்காது. ஷூ, மாஸ்க், பட்டைக்கெல்லாம் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தனி உடைமாற்றும் இடமும் 2014 கட்டுமான விதிகளின்படி கட்டாயம். வேலைக்குச் சேரும் நாளிலேயே "எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டி, சிறுநீர்த் தொற்றோடு வீட்டுக்குப் போகிறார்கள், இது நடந்துகொண்டிருப்பதுதான்.

கர்ப்பம் தெரிந்தவுடன் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அபாயமான வேலையிலிருந்து மாற்றி, முடிந்தவரை வேறு வேலை தர வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. எனாமல், தின்னர், பழைய பெயிண்ட் தேய்ப்பது, ஏணி நான்கையும் விட்டுவிடுங்கள்.

கேலி, கைவைப்பு, "என்கூட பக்கியில (பிக்கப் வண்டியில) வந்தா பெயிண்டர் ஆக்கறேன்" என்ற பேச்சு நடந்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள், முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சி.சி.எம்.ஏ. என்ற தொழிலாளர் சமரச ஆணையத்துக்கு ஆறு மாதத்துக்குள் போகலாம், கட்டணம் இல்லை. வேலையை விட்டு நியாயமில்லாமல் நிறுத்தினால் அதற்குக் கெடு 30 நாள் மட்டும், தள்ளிப் போடாதீர்கள். கூடவே வேலை செய்யும் ஜூலு அக்காமார்களோடு நெருங்கி இருங்கள். வயதில் மூத்தவரை மா என்றும் ஒத்தவரைச் சிசி என்றும் கூப்பிட்டால் போதும், எந்த இந்துனா (மேஸ்திரி) எப்படிப்பட்டவன் என்ற விவரம் முதல் வாரத்திலேயே வந்து சேரும்.

சொந்தமாக எடுக்கும்போது

கொட்டேஷனில் மொத்தத் தொகை மட்டும் எழுதாதீர்கள். எந்தெந்த அறை, என்ன பிரெப், எந்தப் பெயிண்ட், எத்தனை கோட், எது சேராது, எத்தனை நாள் செல்லுபடி என்று வரி வரியாக எழுதுங்கள். "ஈரக் கசிவைச் சரிசெய்வது சேராது" என்ற வரி எப்போதும் இருக்கட்டும். நடுவில் புதிதாக ஏதாவது தெரிந்தால் வேலையை நிறுத்தி, போட்டோவும் விலையும் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு தொடருங்கள்.

பெயிண்டை வாடிக்கையாளரே கடையில் நேரடியாகப் பணம் கட்டி வாங்கட்டும், பட்டியல் மட்டும் நீங்கள் கொடுங்கள். உங்கள் பணம் முடங்காது, மட்டமான பெயிண்ட் போட்டாய் என்ற பேச்சும் வராது, கடை வண்டியே டிரம்மைக் கொண்டு வந்து இறக்கும். கூலியை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது, பிரெப் முடிந்து முதல் கோட் ஆனதும், ஒப்படைக்கும்போது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை பில்டர்ஸ் ஹாலிடே. கம்பெனி வேலை அடியோடு நிற்கும், ஆனால் வீட்டு வேலைக்கு ஆள் தேடுவார்கள்.

பள்ளி, கிளினிக் போன்ற அரசு வேலைக்கு மத்திய சப்ளையர் பட்டியலில் பதிய வேண்டும், அது இலவசம். கட்டுமானக் காண்ட்ராக்டாக வந்தால் சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தின் பதிவும் வேண்டும். அதன் முதல் தரத்துக்கு முன்னனுபவம் கேட்பதில்லை, 5 லட்சம் ராண்ட் வரையிலான வேலை எடுக்கலாம். ஆள் வைத்துக்கொண்டால் விபத்து இழப்பீட்டுக்குப் பதிந்து, அதற்கான சான்றான லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் வாங்குங்கள். அது இல்லாமல் பெரிய காண்ட்ராக்டர் கேட்டைத் திறக்க மாட்டார்.

கம்பெனி பதிவு செய்ய அவசரப்பட வேண்டாம். தனி ஆளாகத் தொழில் செய்தால், பணம் தராத வாடிக்கையாளர் மேல் 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீங்களே வக்கீல் இல்லாமல் கேட்கலாம். கம்பெனி பெயரில் அங்கே வழக்குப் போட முடியாது. போவதற்கு முன் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கொட்டேஷன், "சரி" என்ற வாட்ஸ்அப் பதில், போட்டோக்கள், கடிதம் கொடுத்ததற்கான ஆதாரம் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் கொண்டு போங்கள். போனில் காட்டுகிறேன் என்றால் நேரம் போகும்.